ஆற்றுக்கும் வயலுக்கும் நடுவே ஒரு வருஷம்

1

போன தை மாதம் தரங்கம்பாடியில் ஒரு நிக்காஹ். பெண்கள் பந்தியில் எனக்குப் பக்கத்தில் ஹமீதா பானு. பார்த்துப் பல வருஷமாகிவிட்டது. ஒரு காலத்தில் நகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் அவர் தண்ணீர் பரிசோதகர், நான் டைப்பிஸ்ட். கை கழுவும்போது சொன்னார்: "கதையெல்லாம் எழுதுறியாமே. அம்சத்தப் பத்தி எழுது. என்னய மட்டும் நல்லவளாக் காட்டிடாத."

இந்தக் கதை அங்கேதான் பிறந்தது. நான் எழுதிப் பார்த்த முதல் தொடக்கம் இது:

'மேட்டூரில் திறந்த தண்ணீர் ஆனி மாதம் எங்கள் ஊரை எட்டும்போது, செம்மண் நிறத்தில், நுரை தள்ளி, சருகுகளை முன்னே துரத்திக்கொண்டு...'

நிறுத்திவிட்டேன். அந்தத் தண்ணீரை எழுதத் தொடங்கினால் மனசு அதோடு போய்விடுகிறது. நான் பாலத்துக் கைப்பிடியில் சாய்ந்துகொண்டு சும்மா நிற்கிறேன். கதைக்குள் ஆட்களே வருவதில்லை.

2

ஆகவே ஆபீஸில் தொடங்குகிறேன். எண்பதுகளின் நடுப்பகுதி. (ஊர்ப் பெயர் வேண்டாம். காவிரியின் கிளையாறு ஒன்று ஓடும் ஊர் என்றால் போதும்.) பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் குளோரின் நெடி அடிக்கும் ஓட்டுக் கட்டடம். ஊருக்கு மேற்கே ஆற்று மணலில் கிணறு இறக்கித் தண்ணீர் எடுத்து ஊருக்குக் கொடுப்பது எங்கள் பிரிவு. ஊரின் சாக்கடையைக் கிழக்கே அதே ஆற்றில் விடுவதும் எங்கள் பிரிவுதான்.

அது ரொம்ப நாள் யாருக்கும் தவறாகத் தெரியவில்லை. பிறகு சட்டம் வந்தது. சுத்தப்படுத்தாமல் ஆற்றில் விடக்கூடாது, விட்டால் வழக்கு என்று சென்னையிலிருந்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் எச்சரிக்கை வந்தது.

சாக்கடை விழும் இடத்துக்குக் கீழே கீழத்தெருக்காரர்களின் படித்துறை. அவர்களுக்குக் குழாய் கிடையாது. தண்ணீர் மாதிரி எடுக்க ஹமீதா அக்கா சீசாக்களோடு அங்கே போகும்போது, டைப்ரைட்டரிலிருந்து தப்பிக்க நானும் ஒட்டிக்கொள்வேன். அங்கேதான் அம்சம் அறிமுகம். வயலில் நாற்று நடும் கூலியாள். கணவர் வீரையன் விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் இருந்தார். லேபில் வேலை பார்ப்பதால் ஹமீதா அக்காவுக்கு அம்சம் வைத்த பெயர் 'லேபம்மா'.

"இந்தத் தண்ணியப் பத்தி மேல எழுதிப் போடுங்க லேபம்மா," என்று பார்க்கும்போதெல்லாம் சொல்வாள். அக்காவும் விடாமல் எழுதினார்.

3

இப்போது ஒரு பாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம். எங்கள் இன்ஜினியர் இராஜாங்கம். முதல் வரைவில் அவரைக் கெட்டவராக எழுதினேன், சுலபமாக இருந்தது. ஆனால் அந்த மனிதர் பின்னால் செய்த காரியம் அந்த வரைவில் பொருந்தவே இல்லை. அதனால் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

சாக்கடையைத் தேக்கி வெயிலில் தெளியவைக்கக் குட்டைகள் வெட்டவேண்டும். அதற்கு நிலம் வேண்டும். ஊருக்குக் கிழக்கே மிராசுதார் சாமிதுரையின் வயல்கள் இருந்தன. நில உச்சவரம்புக்குப் பயந்து சொந்தக்காரர்கள் பெயரில் பிரித்து எழுதிவைத்தவை. அவற்றைத் தங்களுக்குப் பிரித்துத் தரவேண்டும் என்று கீழத்தெருக்காரர்கள் கொடி நட்டு, தடியடி வாங்கி, கோர்ட்டுக்கும் போயிருந்தார்கள்.

ஒருநாள் சாமிதுரை தானாகவே ஆபீஸுக்கு வந்தார். நிலத்தை நகராட்சிக்கே கொடுத்துவிடுவதாகச் சொன்னார். ஆறு சுத்தமாகட்டுமே என்றார், காபியைக்கூட மறுத்துவிட்டு. அவர் போனபிறகு இராஜாங்கம் வெகுநேரம் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சாக்கடைக்குப் பக்கத்திலேயே பள்ளமான நிலம். வேலை சீக்கிரம் முடியும், வழக்கும் வராது. எப்படியும் கையைவிட்டுப் போகிற நிலம், சாமிதுரைக்கும் ஒன்றும் போகாது. கீழத்தெருக்காரர்கள் கைக்குப் போகவிருந்த நிலம் குட்டையாகிவிடும், அவ்வளவுதான்.

ஊருக்கு வடக்கே மேட்டில் நகராட்சியின் பழைய குப்பைக் கிடங்கு இருந்தது. அங்கே வெட்டலாம். ஆனால் சாக்கடையை மோட்டார் வைத்து மேட்டுக்கு ஏற்றவேண்டும். ஒரு வருஷம் தள்ளிப்போகும். அதற்குள் வாரியம் வழக்குப் போடும், பொறுப்பு அதிகாரி என்று கூண்டில் நிற்கப்போவது இராஜாங்கம்.

(இங்கே சட்டத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். சட்டம் ஆற்றைத்தான் பார்த்தது. படித்துறையில் நிற்பவர்களை... சரி, விடுங்கள்.)

4

அக்கா அன்று படித்துறைக்குப் போனார். சீசா எடுத்துப்போகவில்லை. அம்சத்திடம் எல்லாவற்றையும் சொன்னார்.

அம்சம் நனைந்த துணியைப் பிழியாமல் கையிலேயே வைத்திருந்தாள். "தண்ணி நல்லாருக்கணும்னு கேட்டதும் நான்தான். நெலம் வேணும்னு கேட்டதும் நான்தான். ரெண்டும் ஒரே எடத்துல வந்து முட்டிக்கும்னு யாருங்க கண்டா?"

"நீங்க என்ன சொல்றீங்களோ அதத்தான் நான் போய்ச் சொல்லுவேன், அம்சம்."

"எங்களக் கேக்கவா வந்தீங்க?"

"ஆமா."

அவள் துணியைப் பிழிந்து படியில் வைத்தாள். பிறகு தெருவுக்குப் போய் வீரையனையும் மற்றவர்களையும் கூட்டிப் பேசிவிட்டு வந்தாள். "ஒரு வருஷம் இந்தத் தண்ணியவே குடிச்சுக்கிறோம். நெலம் கையவிட்டுப் போனா திரும்பாது."

அக்கா அதை அப்படியே இராஜாங்கத்திடம் சொன்னார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குப்பைக் கிடங்குக்குத் திட்டம் போடச் சொன்னார். கூடவே, கீழத்தெருவுக்கு ஒரு குடிநீர்க் குழாயும் இழுக்கச் சொன்னார். ஏன் அப்படிச் செய்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மிராசுதார் தன்னைக் கருவியாக்கப் பார்த்த கோபமாகவும் இருக்கலாம். வழக்கு வந்தது. கூண்டில் நின்றார், கண்டனம் வாங்கினார், பதவி உயர்வு நின்றுபோனது. ஆபீஸில் அதைப் பற்றி ஒருநாளும் பேசவில்லை.

5

இந்தப் பகுதியை எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்தேன்.

குழாய் வருவதற்குள் ஐப்பசி மழை வந்துவிட்டது. கீழத்தெருவில் மஞ்சள் காமாலை. வீரையனுக்கும் வந்தது. கீழாநெல்லி கொடுத்தார்கள், தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்கும் கொண்டுபோனார்கள். பிழைக்கவில்லை.

ஆற்றுத் தண்ணீரால்தான் என்று யாரும் நிரூபிக்க முடியாது. ஹமீதா அக்காவுக்கு நிரூபணம் தேவைப்படவும் இல்லை. துக்கத்துக்குப் போய் வாசலோடு நின்றவரை அம்சம்தான் கையைப் பிடித்து உள்ளே அழைத்தாள்.

தை பிறக்கும்போது குழாய் வந்தது. அடுத்த வருஷம் குட்டைகள் வந்தன. சாக்கடை ஆற்றில் விழுவது நின்றது. அந்தக் கோடையில் தெளிந்த தண்ணீருக்கு அடியில் படித்துறையின் கடைசிப் படி தெரிந்தது, அதன்மேல் கெண்டைக் குஞ்சுகள் மேய்ந்தன. நானும் அக்காவும் அதைப் பார்க்கவென்றே பஸ் ஏறிப் போனோம். திரும்பும்போது வேர்க்கடலை வாங்கிக் கொறித்தபடி வந்தோம். என் வாழ்க்கையில் அதைப் போன்ற சாயங்காலங்கள் அதிகம் இல்லை.

நில வழக்கு இழுத்து இழுத்து, ஒருவழியாகக் கீழத்தெருவுக்கே தீர்ப்பானது. அம்சத்தின் பெயருக்குப் பட்டா வந்தது.

6

முதல் நடவன்று அக்காவையும் என்னையும் அம்சம் கூப்பிட்டிருந்தாள். வரப்பில் நின்றபடி அக்கா கேட்டார்: "அன்னிக்கு நான் உங்களக் கேக்காமயே இருந்திருக்கலாமோ, அம்சம்?"

இதற்கு அம்சம் சொன்ன பதிலாக மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். முதலாவதில் மன்னித்தாள். இரண்டாவதில் அழுதாள். மூன்றாவதில், கேட்டதே பெரிசு என்றாள். மூன்றாவதுதான் நன்றாக இருந்தது, அதனாலேயே அடித்துவிட்டேன். அது அக்காவுக்காக நான் செய்துகொடுத்த பதில்.

உண்மையில் அம்சம் குனிந்து ஒரு நாற்றுக்கட்டை எடுத்தாள். முடிச்சை அவிழ்த்து நாற்றைப் பிரித்தாள். பாதியை அக்காவிடம் நீட்டினாள்.

"செருப்பக் கழட்டிட்டு எறங்குங்க," என்றாள்.

அக்கா இறங்கினார். நான் வரப்பிலேயே நின்றுவிட்டேன். சேற்றில் குனிந்தபடி அவர்கள் இருவரும் ஏதோ பேசிக்கொண்டே அந்தக் கோடிவரை போனார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. அதை நீங்கள்தான் எழுதவேண்டும். எழுதும்போது ஒன்று: வீரையனையும் அந்த வயலில் எங்காவது நிறுத்திவையுங்கள்.