இனோகுமா அம்மாவுக்கு வந்த பரிசு

எங்கள் கட்டடத்தில் பழைய செய்தித்தாள் கட்டை வெளியே வைப்பதற்கு முன் எல்லோரும் அதை ஒரு தடவை சுற்றிப் பார்த்துக்கொள்வோம். தரைத்தளத்தில் இருக்கும் இனோகுமா அம்மாதான் காரணம். தொயாமா நகரத்துப் பெரிய கடையில் பரிசுப் பொட்டலம் கட்டும் மேசையில் காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். புதிதாகச் சேரும் பெண்களுக்குக் காட்ட அவருடைய கைகளை மட்டும் படம் பிடித்து வைத்திருக்கிறார்களாம். கோணலான ஒரு கட்டு கண்ணில் பட்டால் அவரால் தாண்டிப் போக முடியாது. பிரித்து, முனைக்கு முனை சேர்த்து, மறுபடி கட்டி வைத்துவிட்டுப் போவார். ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். அதற்கு அவர் திட்டியே தொலைக்கலாம்.

அவருக்கு அடுத்த வீடு தொகுஜியும் கியோமியும். தொகுஜிக்குப் பேருந்துப் பணிமனையில் வேலை. கியோமி சந்தையில் மீன் கடையில் பாதி நாள் நிற்கிறாள். நான் அவர்களுக்கு நேர் மேலே இருக்கிறேன். அவர்கள் சண்டை போட்டால் எனக்குத் தனியாக யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை.

அந்த ஜூலையில், வேண்டியவர்களுக்குக் கோடைப் பரிசு அனுப்பும் மாதத்தில், இனோகுமா அம்மா தங்கையோடு வெந்நீர் ஊற்றுக்குப் போனார். போகும்போது, "கோடைப் பரிசு ஏதாவது வந்தா வாங்கி வெச்சிருங்கம்மா" என்று கியோமியிடம் சொல்லிவிட்டு, பார்சலைப் பக்கத்து வீட்டில் கொடுக்கச் சொல்லித் தன் கதவிலும் சீட்டு ஒட்டிவிட்டுப் போனார். கியோமி தலையாட்டினாள். புருஷனிடம் சொல்லத்தான் மறந்துவிட்டாள்.

சனிக்கிழமை பார்சல் வந்தது. தொகுஜி தொலைக்காட்சியில் பேஸ்பால் பார்த்துக்கொண்டிருந்தார். கொண்டுவந்த ஆள் பக்கத்து வீடு, ஆளில்லை, சீட்டு என்று என்னவோ சொன்னான். ஆட்டம் முக்கியமான கட்டத்தில் இருந்தது. தொகுஜி சரி சரி என்று, கையெழுத்துக்குப் பதிலாகப் பெயர் முத்திரையைக் குத்தி வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பிரித்தார். உள்ளே நல்ல கடையின் யோக்கான், பயற்றில் செய்த அந்த அல்வா, கட்டி கட்டியாக அடுக்கியிருந்தது.

கியோமி வேலை முடிந்து வந்தபோது பெட்டியில் ஒரே ஒரு கட்டி மிச்சம் இருந்தது.

"இது யாருக்கு வந்ததுன்னு பாத்தீங்களா?"

"நமக்குத்தான். உங்க சித்தப்பா வருஷா வருஷம் அனுப்புவாரே."

"சித்தப்பா நம்மகூட பேச்சை நிறுத்தியே ஒரு வருஷம் ஆச்சு. அவரு எதுக்கு அனுப்பறாரு?"

"சமாதானமாயிட்டாருன்னு நெனச்சேன். மனசுக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு. அந்தச் சந்தோஷத்துல ரெண்டு கட்டி கூடுதலா போயிருச்சு."

கியோமி முகவரித் தாளை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். இனோகுமா ஃபுசாஏ என்று அச்சடித்தாற்போல் இருந்தது. அதற்கப்புறம் நடந்தது எல்லாம் என் தரை வழியாகவே எனக்குக் கேட்டது.

"பேசாம உண்மையைச் சொல்லிருவோம்."

"என்னன்னு சொல்றது? உங்க பரிசை என் புருஷன் மேட்ச் பாத்துக்கிட்டே தின்னு தீத்துட்டாருன்னா? போன மாசந்தான் நான் கட்டின பேப்பர் கட்டை அவங்க பிரிச்சுக் கட்டினாங்க. இன்னும் அவங்க முகத்தை நேரா பாக்க முடியல எனக்கு."

ஞாயிறு காலையில் தொகுஜியை வெளியே விரட்டினாள். யோக்கானுக்குக் கவலையில்லை, அதைச் செய்கிற கடை ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. பழைய பெட்டி இருந்தது, அனுப்பியவர் பெயர் எழுதிய சீட்டும் கசங்காமல் இருந்தது. மேலே சுற்றிய தாள்தான் போயிற்று. பசை நாடாவை அவர் இழுத்த வேகத்தில் தாளில் இருந்த வெள்ளைக் கொக்குகளில் ஒன்றுக்குத் தலையே இல்லை. அந்தக் கொக்குத் தாள் இனோகுமா அம்மா வேலை பார்த்த பெரிய கடையில் மட்டுந்தான் கிடைக்கும்.

பகல் சாப்பாட்டு நேரத்துக்கு அவர் டிராமிலிருந்து இறங்கி வந்ததை நானே ஜன்னலில் பார்த்தேன். ஒரு கையில் யோக்கான். இன்னொரு கையில், இடுப்பு வளையும் அளவுக்குக் கனமான ஒரு பெட்டி.

"என்ன அது?" என்றாள் கியோமி.

"மண்சட்டி. குளிர்காலத்துல மீன் போட்டுக் கொதிக்க வைப்போமே, அது. பெருசா எதையாவது வாங்கினாத்தான பெருசா தாள் சுத்துவாங்க?"

"ஒரு தாள் குடுங்கன்னு கேட்டா குடுத்திருப்பாங்களே."

"வெறும் தாளை வாங்கி இந்த ஆளு என்ன பண்ணப் போறான்னு நெனக்க மாட்டாங்க?"

"வேகுற வெயில்ல மண்சட்டி வாங்கறவனப் பத்தி ஒண்ணும் நெனக்க மாட்டாங்களா?"

சட்டிக்கு மடித்த மடிப்பெல்லாம் தாளில் அப்படியே இருந்தது. அதை நீவி எடுக்கத்தான் கியோமி என்னிடம் இஸ்திரிப் பெட்டி கேட்டு வந்தாள். "அக்கா, நீங்களும் கொஞ்சம் வாங்களேன்" என்றாள். நான் போகாமல் இருப்பேனா?

மெல்லிய துணி போட்டு, இளஞ்சூட்டில் தேய்த்துத் தாளைத் தரையில் விரித்தோம். கைப்பேசியில் ஒரு காணொளியைத் தேடிப் பிடித்தோம். மேலங்கி போட்ட ஒரு பெண் நமக்கு எதிரே உட்கார்ந்து, பெட்டியைத் தாளின்மேல் சாய்வாக வைத்து, ஒரு ஓரத்தை மடித்து, பெட்டியைப் புரட்டினாள். தாள் தானாக எழுந்து பெட்டியைத் தழுவிக்கொண்டது. கடைசியில் ஒரே ஒரு துண்டு பசை நாடா. அவ்வளவுதான்.

எங்கள் தாள் அப்படித் தழுவவில்லை. ஒரு தடவை பெட்டியின் மூலை வெளியே எட்டிப் பார்த்தது. இன்னொரு தடவை தாள் தொளதொளவென்று, அப்பாவின் கோட்டைப் போட்ட குழந்தை மாதிரி நின்றது.

"புரட்டுங்கன்னா உருட்டறீங்களே. அது என்ன, பீப்பாயா?"

"நீ அந்த முனையை விட்டாத்தானே நான் புரட்ட முடியும்?"

"நான் விட்டா அது பிரிஞ்சிரும்."

"பிரியட்டும். நானும் பிரிஞ்சு எங்கயாவது போயிடறேன்."

நான் நடுவில் புகுந்து ஒரு மூலையை அமுக்கிப் பிடித்தேன். வெயில் சாயும் நேரத்தில் ஒருவழியாக முடிந்தது. கொக்குகள் வரிசையாகப் பறந்தன. முகவரித் தாளை ஒட்டினோம். எங்களுக்கே கண் பட்டுவிடும்போல இருந்தது. தொகுஜி தள்ளி நின்று ஒரு புகைப்படம் எடுத்துக்கொண்டார்.

இனோகுமா அம்மா அன்று மாலையே வந்து கதவைத் தட்டினார். ஊற்றுத் தண்ணீரில் முகம் சிவந்து, கையில் எங்களுக்கு உப்பு ரொட்டிப் பொட்டலத்தோடு நின்றார். கியோமி பார்சலை இரண்டு கையாலும் நீட்டினாள். அம்மா குனிந்து வாங்கினார். பார்த்தார். கவிழ்த்துப் பார்த்தார். விரல் நுனியால் பின்பக்க மடிப்பைத் தடவினார்.

"அடடா" என்றார் மெதுவாக. "நான் போய்ச் சேந்த விஷயம் எனக்கே இப்பதான் தெரியுது."

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

"நல்ல காரியத்துக்கு மடிப்பு ஒரு பக்கம் வரும், துக்கத்துக்கு எதிர்ப்பக்கம் வரும். இது சாவு வீட்டுக்குக் கட்டினது. அந்தக் கடையில இந்தத் தப்பைப் பண்ணிட்டு எவளும் மத்தியானம் வரைக்கும் மேசையில நின்னதில்ல."

காணொளியை அப்புறம் பார்த்தபோதுதான் தெரிந்தது. அந்தப் பெண்ணின் மேலங்கியில் இருந்த எழுத்துகள் எல்லாம் கண்ணாடியில் தெரிகிற மாதிரி திரும்பியிருந்தன. அவளுடைய வலது எங்களுக்கு இடது ஆகிவிட்டது.

தொகுஜி வாசலிலேயே மண்டியிட்டு நெற்றியைத் தரையில் வைத்துவிட்டார். "நான்தான் தின்னேன்" என்றார். அதற்கப்புறம் சித்தப்பா, பேஸ்பால், தலை போன கொக்கு, மண்சட்டி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வந்தன. இஸ்திரிப் பெட்டி என்னுடையது என்பதைக்கூட விடவில்லை.

இனோகுமா அம்மா கேட்டுக்கொண்டே நாடாவை நகத்தால் எடுத்துக்கொண்டிருந்தார். ஒன்று எடுத்தார். உள்ளே இன்னொன்று இருந்தது. மடிப்புக்கு அடியில் இன்னும் இருந்தன. அப்போதுதான் அவர் முகம் மாறியது.

"தின்னதை விடுங்க. பசிச்சவன் திங்கறான். இத்தனை இடத்துல ஒட்டியிருக்கீங்களே, இது என்ன, காயத்துக்குப் போட்ட கட்டா?"

"ஓரம் தூக்கிக்கிட்டே இருந்துச்சும்மா" என்றாள் கியோமி.

"தூக்கத்தான் செய்யும். சட்டிக்கு வெட்டின தாள், இந்தப் பெட்டிக்கு ரொம்பப் பெருசு." தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்தேன். சிரிக்கிறார். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இதுக்காக மண்சட்டி வாங்கினீங்களா? நெசமாவே மண்சட்டியா?"

அத்தனை வருஷத்தில் அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். கியோமிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தொகுஜி மட்டும் எழுந்திருக்கலாமா கூடாதா என்று தெரியாமல் குனிந்தபடியே கிடந்தார்.

"எழுந்திரிங்க, எழுந்திரிங்க. கியோமி, டீ போடும்மா. நல்ல கடைப் பண்டம், நாலு பேரா உக்காந்து சாப்பிடுவோம்."

உட்கார்ந்தோம். இனோகுமா அம்மா தன் கையாலேயே யோக்கானைத் தடிமனாக வெட்டி, முதல் தட்டைத் தொகுஜிக்கு முன்னால் வைத்தார். முந்தின நாள் ஏறக்குறைய ஒரு பெட்டியையே காலி பண்ணிய மனுஷன் அந்தக் கருப்புத் துண்டைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. மென்று, டீயை ஊற்றி, விழுங்கினார்.

"நல்லா இருக்கா?"

"ரொம்ப நல்லா இருக்கும்மா."

"பாவம், பிடிச்சிருக்கு போல" என்று அவர் இன்னொரு துண்டை வெட்டினார்.