மாஸ்டரின் கையெழுத்து

காலையிலிருந்து நூற்றிருபதாவது அட்டையில் ஜெபசீலி கையெழுத்துப் போட்டாள். தன் பெயரை அல்ல. பாட்டில் எண்ணைக் கறுப்பு மையில் எழுதி, அடியில் யாரோ ஒரு வெள்ளைக்காரரின் பெயரைச் சுழித்து, கடைசி எழுத்தின் வாலை நீட்டி இழுக்க வேண்டும். விலை உயர்ந்த மால்ட் விஸ்கிக்கு வெல்வெட் வைத்த மரப்பெட்டி செய்துகொடுக்கும் ஓசூர்க் கம்பெனி அது. பெட்டிக்குள் இந்த அட்டை போகும். விஸ்கி காய்ச்சிய அந்த வெள்ளைக்கார மாஸ்டரே ருசி பார்த்து, தன் கையால் எழுதியது என்று வாங்குகிறவர் நம்ப வேண்டும். சாராய வாடையே ஆகாத ஜெபசீலிதான் மூன்று மாதமாக அந்த மாஸ்டர்.

இன்று வால் அடங்கவில்லை. வலது கட்டைவிரல் அடியில் வீங்கி, பேனாவைப் பிடித்தாலே சுண்டி இழுத்தது. பதினைந்து நாள் பேனாவைத் தொடாதே, தொட்டால் விரல் மடங்கியே நின்றுவிடும் என்று பஸ் ஸ்டாண்ட் டாக்டர் சொல்லியிருந்தார். சொல்வது அவருக்குச் சுலபம். இதே நாற்காலியில் இருந்த முனிலட்சுமி காய்ச்சலென்று நான்கு நாள் லீவு போட்டாள். திரும்பி வந்தபோது நாற்காலியும் இல்லை, வேலையும் இல்லை.

"யக்கா, கோடு நடுங்குது பாரு," என்றாள் பக்கத்தில் வெல்வெட் ஒட்டும் சத்யப்ரியா.

"தெரியுது. சத்தம் போடாத. பெங்களூர்க்காரங்க வர்ற நேரம்."

சொல்லி வாய் மூடுவதற்குள் வந்துவிட்டார்கள். விஸ்கிக் கம்பெனியின் மார்க்கெட்டிங் மேனேஜர் பிரதாப் முன்னால், சூப்பர்வைசர் பாஸ்கரன் பின்னால். பிரதாப் நேற்றைய அட்டை ஒன்றையும் இன்றையது ஒன்றையும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது ஏன் வேற மாதிரி இருக்கு?"

பாஸ்கரனின் முகம் வெளுத்தது. "ஏம்மா, என்ன பண்ணி வச்சிருக்க? சார் கேக்குறாருல்ல?"

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று கேட்டேவிட்டாள். "வெரலு வீங்கிருச்சு சார். பதினஞ்சு நாளு லீவு குடுத்தா சரியாயிடும். எடத்த மட்டும் வேற ஆளுக்குக் குடுத்துடாதீங்க."

பிரதாப் அவளைப் பார்க்கவில்லை. அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். "சென்னாகிதே, ரொம்ப நல்லாருக்கு! நேத்து வரைக்கும் பிரிண்ட் அடிச்ச மாதிரி இருந்துச்சு, பாஸ்கரன். இதுலதான் வயசான மனுஷன் கை தெரியுது. கஸ்டமர் இதுக்குத்தான் காசு குடுக்குறான். தீபாவளி லாட் முழுக்க இப்படியே வரட்டும்."

அவரைக் கண்ணாடி ரூமில் உட்காரவைத்துவிட்டு பாஸ்கரன் மட்டும் திரும்பி வந்தார். இப்போது முகத்தில் களை வந்திருந்தது.

"ஒன் எடத்துக்கு ஒண்ணும் ஆகாது. நான் இருக்கேன். லீவு மட்டும் இப்ப கேக்காத. மூவாயிரம் அட்டை கெடக்குது."

சத்யப்ரியா தன் பையிலிருந்து வலி மாத்திரை ஒன்றை எடுத்துத் தண்ணீரோடு நீட்டினாள். ஜெபசீலி அதை வாங்கி வாயருகே கொண்டுபோனாள்.

"அத இப்பப் போடாதம்மா," என்றார் பாஸ்கரன். அதட்டலாக இல்லை, கெஞ்சலாகவே சொன்னார். "வலி நின்னா கோடு நேராயிடும். லாட் முடியட்டும்."

மாத்திரையை மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு அடுத்த அட்டையை இழுத்தாள். கடைசி எழுத்துக்கு வந்ததும் கண்ணில் நீர் முட்டியது. வால், சார் கேட்ட மாதிரியே நடுங்கிக்கொண்டு போய் முடிந்தது.