இன்காரின் இருண்ட குழாய்

அல்மாத்தி, மார்ச் 4, செவ்வாய்

நேற்று ஆய்வக நோட்டில் மூன்று ரத்தச் சோதனைக் குழாய்களுக்கு எதிரே "என் பிழை" என்று எழுதினேன். யாரையும் கேட்கவில்லை. அது தவறு.

ஐந்து வயது இன்காருக்குப் பால் பற்கள் மூன்று வயதிலிருந்தே, முளைத்த வரிசையிலேயே உதிர்கின்றன. உள்ளங்கைத் தோலும் தடித்திருக்கிறது. இன்காரின் அம்மா கமார் ஒழுங்காகப் பல் துலக்கிவிடவில்லை என்று இரண்டு வருடமாக எல்லோரும் அவரைத் திட்டினார்கள். அடுத்து நிலைப்பற்கள் முளைக்க வேண்டும். காரணம் தெரிந்தால்தான் அவற்றையாவது காப்பாற்றப் பார்க்கலாம்.

நோய் எதிர்ப்பு அணுக்களில் புரதத்தை வெட்டும் நொதி ஒன்று உண்டு. அது இல்லாவிட்டால் ஈறு கெட்டுப் பல் உதிரும், உள்ளங்கைத் தோலும் தடிக்கும். அது வேலை செய்தால், ரத்தத்தோடு நாங்கள் ஊற்றும் திரவம் ஒளிரும். நேற்று இன்காரின் குழாய் இருண்டே கிடந்தது. ஒப்பிடுவதற்காக வைத்த அப்பா, அம்மா குழாய்களில் பாதி ஒளி. நான்தான் திரவத்தின் அளவைக் குறைத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

இன்று காலை ஆய்வகத்தில் எனக்கு மூத்தவளான ராபிகா என் நோட்டைப் பார்த்தாள்.

"மூணு பேருக்கும் இவ்ளோ ஒழுங்கா தப்பு பண்ற அளவுக்கு உனக்குத் திறமை இருக்கா?"

"கை நடுங்கியிருக்கும் அக்கா."

"கை மேல சந்தேகம்னா உன் ரத்தத்தையே பக்கத்துல வை."

மூவரையும் வரவழைத்துப் புதிதாக ரத்தம் எடுத்தோம். என்னுடையதையும் வைத்தேன். இன்காரின் அப்பா பெகெஜான் உறுதியாகச் சொன்னார்: "பரம்பரை நோயா இருக்கவே முடியாது. அவ பக்கம் ஏழு தாத்தா, என் பக்கம் ஏழு தாத்தா. பதினாலு பேரும் சொல்றேன், எங்கயும் உறவு முட்டாது."

"ஆரம்பிக்காதீங்க," என்றார் கமார். "போன தடவ நீங்க முடிக்கறதுக்குள்ள டீ ஆறிப்போச்சு."

கசாக்கியர்களான நாங்கள் ஏழு தலைமுறைக்குள் சம்பந்தம் செய்வதில்லை. அதனாலேயே மருத்துவர்களும், மாலை வகுப்பில் மரபியல் படிக்கும் நானும் பரம்பரையை யோசிக்கவில்லை.

மதியம் என் குழாய் முழுதாக ஒளிர்ந்தது. மற்ற மூன்றும் நேற்றுப் போலவே.

உறவே இல்லாத இருவரிடம் ஒரே மரபணுவில் பிசகு இருக்கலாம், வேறு வேறு இடங்களில். இரண்டும் ஒன்றாக வந்து சேர்ந்ததால்தான் இன்காருக்கு அந்த நொதியே இல்லை. பாதி நொதியை வைத்துக்கொண்டே அந்த இரண்டு உடல்களும் இத்தனை வருடம் ஒரு குறையும் காட்டாமல் சமாளித்திருக்கின்றன. அதை நினைக்க நினைக்க வியப்பு அடங்கவில்லை.

கமார் ஒன்றுதான் கேட்டார். "அப்ப நான் துலக்கிவிட்டது சரிதானா? தினமும் நாலு தடவ துலக்கிவிட்டேன்."

"சரிதான்," என்றேன். அந்தக் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெகெஜான் மெல்லச் சொன்னார்: "பதினாலு பேர்ல ரெண்டு பேர் நம்மகிட்ட ஏதோ மறைச்சிட்டாங்க கமார்."

நாளை ஒன்பது மணிக்கு பிசகு எந்தெந்த இடத்தில் என்று அறிய மூவரின் ரத்தத்தையும் மரபணு வாசிப்புக்கு அனுப்ப வேண்டும். பிறகு, எங்கள் மருத்துவர் கையெழுத்திட்ட இன்றைய நொதிச் சோதனை முடிவைப் பல் மருத்துவரிடம் நேரில் கொடுக்க வேண்டும்.