முழு மாத்திரை

தைராய்டுக்கு மாத்திரை போட்டும் ஜெயக்கொடியின் குரல் மூன்று மாதமாகக் கம்மியிருந்தது. சிங்கவரத்தில் மல்லாட்டை என்கிற நிலக்கடலைச் செடி பிடுங்கும் இருபது பெண்களுக்கு அவள்தான் மேஸ்திரி. வரப்பில் நின்று கூப்பிட்டால் கடைசி ஆளுக்கு எட்டவில்லை.

"இன்னா மேஸ்திரி, தொண்டையில தவள பூந்துக்கிச்சா?" என்றாள் ராஜம்மாள். "எங்க சித்திக்கும் தைராய்டுதான். கழுத்துல ஆபரேசன் பண்ணாங்க. அதோட கீச்சுக் குரலாப் போச்சு."

அன்றிலிருந்து ஜெயக்கொடிக்குச் சோறு இறங்கவில்லை.

செஞ்சியில் டாக்டர் கலைச்செல்வி அவள் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு ரத்தப் பரிசோதனைத் தாள்களை வரிசையாக வைத்தார். டி.எஸ்.எச். அளவு ஜூனில் பன்னிரண்டு. ஆகஸ்டில் இருபத்தொன்று. இப்போது முப்பத்தெட்டு.

"மாத்திரையைக் கூட்டிக் குடுத்தும் ஏறுதே. தினம் போடுறியாம்மா?"

"போடுறேன்."

"வெறும் வயித்துல?"

"ஆமா."

"முழுசா?"

ஜெயக்கொடி கூட வந்திருந்த கணவனைப் பார்த்தாள். வீரமணி தரையைப் பார்த்தான். பிளேடால் வெட்டிக் கொடுத்தவன் அவன்.

"கால் மாத்திரை," என்றாள். "நம்பர் ஏறிச்சு. தைராய்டு ஜாஸ்தியாப் போச்சுன்னு பாதியாக்குனேன். மறுபடி ஏறிச்சு. காலாக்கிட்டேன்."

டாக்டர் பேனாவை மூடினார்.

"இது கழுத்துச் சுரப்பியோட நம்பர் இல்லம்மா. மூளைக்கு அடியில இன்னொரு சுரப்பி இருக்குது. கழுத்துச் சுரப்பிய வேலை வாங்குறது அதுதான். கீழ சரியா சுரக்கலைன்னா மேலேருந்து இன்னும் அதிகமா விரட்டும். அந்த விரட்டல்தான் இந்த நம்பர்."

ஜெயக்கொடி தாளையே பார்த்தாள்.

"ஆளுங்க மெத்தனமா இருந்தா நான் கத்துற மாதிரி."

"அதேதான். கழுத்து செய்யாத வேலைய மாத்திரை செய்யுது. நீ குறைக்கக் குறைக்க அது கத்துது."

"அப்ப ஆபரேசன்?"

"கட்டியே இல்ல, ஆபரேசன் எதுக்கு? முழு மாத்திரையாப் போடு. குரல் கொஞ்சம் கொஞ்சமாத் திரும்பிடும். ஆறு வாரம் கழிச்சு ரத்தம் பாக்கலாம்."

வாசலில் வீரமணி செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டான்.

"நான் வெட்டுனத சொல்லாம உட்டுட்டியே?"

"சொல்லியிருந்தா உனக்கு ஊசி போட்டிருப்பாங்க."

அவளுக்குப் பசித்தது. எதிரே இருந்த கடையில் நான்கு இட்லி தின்றாள். இன்னும் இரண்டு கேட்டாள். குரல் கடைக்காரருக்கு எட்டவில்லை.

இரண்டு விரலை உயர்த்திக் காட்டினாள்.