மாமனார் மேசை

கப்பலில் சோறு கிடைக்காமல் செத்தவர் எவரும் இல்லை. ஆனாலும் ஏறிய முதல் மதியம் ஐந்தாம் தளத்து முன்பதிவு மேசைக்கு முன்னால் நிற்கிற வரிசையைப் பார்த்தால், நாளை முதல் பஞ்சம் என்று யாரோ புரளி கிளப்பிவிட்டார்கள் என்றுதான் தோன்றும். ஐயாயிரம் பேர் போகிற கப்பல். எட்டு உணவகம், இரண்டு அரங்கம், பனித்தரையில் சறுக்கி ஆடுகிற ஷோ ஒன்று, உயரத்திலிருந்து தண்ணீரில் குதிக்கிற ஷோ ஒன்று. விவரமானவர்கள் மூன்று மாதத்துக்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து கைபேசியில் எல்லாவற்றையும் பதிந்துவிட்டுக் கையை வீசிக்கொண்டு வருவார்கள். மற்றவர்கள் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று வருவார்கள். அப்படி வருகிறவர்களுக்குப் பதில் சொல்வதுதான் நம் ஆளுக்கு வேலை.

அவனைக் கப்பலில் எல்லோரும் 'பதிவு' என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயரும் சட்டையில் குத்திய தகட்டில் இருக்கிறது, படிக்கத்தான் ஆளில்லை. பதினோரு வருஷமாக இதே வேலை. எட்டு மாதம் கடல், இரண்டு மாதம் வீடு, மறுபடியும் கடல். குரல் உயர்த்த மாட்டான். இடமில்லை என்பதைக்கூட ஏதோ எடுத்துக் கொடுப்பது போலச் சொல்வான். புதிதாகச் சேருகிறவர்களை மேலாளர் அவனுக்குப் பின்னால் நிறுத்தி, "இவர் எப்படிப் பேசுறார்னு பாத்துக் கத்துக்கோங்க" என்பார்.

பொறுமைசாலி என்று பெயர் வாங்கிவிட்டான். பொறுமை எல்லாம் ஒன்றுமில்லை. எந்த நாள் என்று அவனுக்கே தெரியாத ஒரு நாளில் உள்ளே ஏதோ நின்றுபோயிருந்தது, அவ்வளவுதான். திட்டினால் உறைக்காது, புகழ்ந்தால் இனிக்காது. மகளுக்கு முதல் பல் விழுந்தபோது மனைவி படம் அனுப்பினாள். இரண்டு பயணிகளுக்கு நடுவே அதைப் பார்த்தான். 'அருமை' என்று எழுதி அனுப்பிவிட்டு அடுத்தவருக்கு எட்டரை மணி மேசையைப் போட்டுக் கொடுத்தான். அப்புறம் அந்தப் பல் நான்கு நாள் கழித்துத்தான் ஞாபகம் வந்தது.

இந்தத் தொழிலில் ஒரு தந்திரம் உண்டு. எவ்வளவு நெரிசலாக இருந்தாலும், தினமும் மாலை நல்ல உணவகத்தில் ஒரு மேசையை இல்லாத ஒரு பயணியின் பெயரில் பிடித்து வைத்துவிட வேண்டும். கடைசி நேரத்தில் யாராவது ஒருவர் வந்து குதிப்பார். அந்த மேசையைத் தூக்கிக் கொடுத்தால் கூச்சல் அடங்கும். இல்லாத அந்தப் பயணிக்குப் பெயர் வைத்தவன் பதிவுதான். 'மாமனார்.' சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்பார், வந்தால் இடமில்லை என்று சொல்ல முடியாது. வேறு என்ன பெயர் பொருந்தும்? எட்டு வருஷமாகத் தினமும் ஏழேகால் மணிக்கு, பதினாலாம் தளத்து உணவகத்தில், நான்கு பேராகத் திரு. மாமனார் சாப்பிட வருவதாகத் திரையில் இருக்கும். தமிழ் தெரியாத ஊழியர்களும் அவரை யாரோ பெரிய மனிதர் என்று நினைத்து மரியாதையாக மேசையைத் துடைத்து வைத்திருந்தார்கள்.

ஒப்பந்தத்துக்கு ஒருமுறை ஊழியரின் குடும்பம் பயணிகளாக வரலாம். இந்தத் தடவை மனைவி வருவதாகச் சொன்னாள், அதுவும் மூன்று மாதத்துக்கு முன்பே. ஊருக்கெல்லாம் "முன்னாடியே புக் பண்ணியிருக்கணும் சார்" என்று உபதேசம் செய்கிறவன், தன் வீட்டுக்கு ஒரு மேசைகூடப் பிடித்து வைக்கவில்லை. நாம்தானே இங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று இருந்துவிட்டான். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறவர்கள் உண்டு. இவன் அலையக்கூட இல்லை.

அவர்கள் ஏறிய மதியம் அவனால் வாசலுக்குப் போக முடியவில்லை. அவர்களே மேசைக்கு வந்தார்கள். ஏழு வயது மகள் அம்மாவின் கையை விடாமல், அவன் சட்டைத் தகட்டை எழுத்துக்கூட்டிப் படித்தாள். அப்புறம் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு அம்மாவிடம், "அப்பா இவ்ளோ உயரமா?" என்று கேட்டாள். இத்தனை மாதமாகக் கைபேசியில் கழுத்துக்கு மேலேதானே பார்த்திருக்கிறாள். போன விடுமுறையில் பார்த்த உயரம் அவளுக்கு மறந்துவிட்டது. பக்கத்தில் இருந்த உதவியாளப் பெண், எல்லோரும் 'ஒல்லி' என்று கூப்பிடுகிறவள், சிரித்துவிட்டாள். அவனும் சிரித்தான்.

இரண்டாம் நாள், அவனுக்குக் கிடைத்த இருபது நிமிஷ இடைவேளையில், மனைவி அவனைத் தளத்துக் கம்பி ஓரமாக நிறுத்தினாள்.

"நான் சண்டை போட வரல. அடுத்த ஒப்பந்தத்துக்குக் கடுதாசி குடுத்துட்டாங்களா?"

"குடுத்துட்டாங்க. ஏழாம் நாள் காலையில கரைக்குப் போறதுக்குள்ள கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும்."

"அக்கா இருக்கிற ஊர்ல எனக்கு ஸ்கூல்ல வேலை கிடைச்சிருக்கு. பொண்ணுக்கும் அங்கயே இடம் தர்றாங்க. நீங்க வேலைய விட்டுட்டு வந்துட்டா நான் போகல. திரும்பவும் கையெழுத்துப் போட்டீங்கன்னா நாங்க போயிடுவோம். போனா போனதுதான். ரெண்டு மாசம் ஒருத்தர் வந்து தங்கிட்டுப் போறதுக்காக ஒரு வீட்ட வச்சுக்கிட்டு உக்காந்திருக்க இனிமே என்னால முடியாது."

"சரி," என்றான்.

"என்ன சரி? இப்பப் பதில் சொல்லாதீங்க. கடியாரத்தப் பாத்துக்கிட்டே சொல்லுவீங்க." அவன் உண்மையிலேயே கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். "மூணு பேரும் ஒரு வேளை ஒண்ணா உக்காந்து சாப்பிடணும். யாரும் உங்களக் கூப்பிடக் கூடாது. அங்க வச்சு சொல்லுங்க. எதுவா இருந்தாலும் நான் ஏத்துக்கிறேன்."

அவள் குரலில் அழுகை இல்லை. அழுது முடித்துவிட்டுக் கிளம்பி வந்தவள் அவள்.

பயணிகளோடு உட்கார்ந்து சாப்பிட ஊழியருக்கு மேலாளரின் அனுமதி வேண்டும். கேட்டான். ஆறாம் நாள் மாலை ஏழேகாலிலிருந்து ஒன்பது வரை, சீருடை இல்லாமல், ஒரே ஒருமுறை என்று எழுதிக் கொடுத்தார். மேசை வேண்டுமே? எட்டு உணவகத்திலும் துழாவினான். மூன்று மாதத்துக்கு முன்பே பதிந்த புண்ணியவான்கள் மூன்று பேர் உட்காருகிற ஒரு மேசையைக்கூட விட்டு வைக்கவில்லை. மிச்சம் இருந்தவர் மாமனார் ஒருவர்தான். பயணிகள் பட்டியலில் ஊழியரின் பெயர் வரக் கூடாது என்பதால் அந்தப் பெயரை அப்படியே விட்டுவிட்டு, நான்கு பேர் என்பதை மட்டும் மூன்றாக மாற்றினான்.

"அடேயப்பா, எட்டு வருஷம் கழிச்சு மாமனார் சாப்பிட வர்றாரு!" என்றாள் ஒல்லி. "ஏமாத்தாம வந்து சேரச் சொல்லுங்க சார்."

ஐந்தாம் நாள் இருக்கைப் பட்டியலைக் கொடுப்பதற்காக அரங்கத்துக்குப் போனான். ஷோ நடந்துகொண்டிருந்தது. மூன்றாம் வரிசையில் மனைவியும் மகளும். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவன் கண்ணில் முதலில் பட்டது அவள் இல்லை. அந்த வரிசையில் இரண்டு இருக்கை காலி என்பதுதான் பட்டது. பத்து நிமிஷம் தாண்டியும் ஆள் வரவில்லையே, வெளியே காத்திருக்கிறவர்களை விட்டிருக்கலாமே என்று கணக்குப் போட்ட பிறகுதான், சிரிக்கிறது தன் மகள் என்று உறைத்தது.

பயம் வந்தது. நல்ல பயம், முதுகு சில்லிட்டுப் போகிற பயம். அது வந்ததே அவனுக்கு ஆறுதலாக இருந்தது. பயமாவது மிச்சம் இருக்கிறதே! அங்கேயே நின்று முடிவு செய்தான், வீட்டுக்குப் போய்விடுவது என்று. மறுநாள் காலை சவரம் செய்யும்போது கண்ணாடியைப் பார்த்து, "வந்துடுறேன்" என்று சொல்லிப் பார்த்தான். நன்றாகத்தான் வந்தது.

ஆறாம் நாள் மதியத்திலிருந்து கடல் சரியில்லை. கப்பல் லேசாக ஆடியது. நடக்கிறவர்களுக்கு அது பெரிய விஷயமில்லை, பனித்தரையில் சறுக்குகிறவர்களுக்கு உயிர் போகிற விஷயம். மாலை ஐந்தரைக்கு, இன்றைக்கு இரண்டு பனி ஷோவும் ரத்து என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஷோவுக்குத் தோதாகச் சாப்பாட்டு நேரத்தைப் பதிந்து வைத்திருந்த எண்ணூறு பேரும் ஒரே சமயத்தில் ஐந்தாம் தளத்துக்கு இறங்கி வந்தார்கள்.

பதிவு ஆறரைக்குக் கிளம்பி உடை மாற்ற வேண்டியவன். மேலாளர் தொலைபேசியில், "ஏழு மணி வரைக்கும் மட்டும் நில்லு, உன் டேபிள் எங்க போயிடப் போகுது?" என்றார். நின்றான்.

ஆறே முக்காலுக்கு நீலச் சட்டைக்காரர் ஒருவர் முன்னால் வந்தார். தோளில் ஒரு குழந்தை, காலைக் கட்டிக்கொண்டு இன்னொன்று, பின்னால் அசந்துபோய் மனைவி.

"மூணு மாசத்துக்கு முன்னாடி புக் பண்ணேன் சார்! ஷோ முடிஞ்சு சாப்பிடலாம்னு ஒன்பதரைக்குப் போட்டேன். இப்ப ஷோவும் இல்ல. ஒன்பதரை வரைக்கும் இதுங்க முழிச்சிருக்குமா? நீங்க பண்ண தப்புக்கு என் பிள்ளைங்க பட்டினி கிடக்கணுமா?" என்று மேசையை ஓங்கி அடித்தார். தோளில் இருந்த குழந்தை வீறிட்டது. வரிசையில் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

பதிவு சிரித்தான். விரல் தன்பாட்டுக்குத் திரையில் போய் மாமனார் பெயரை அழித்தது, நீலச் சட்டைக்காரரின் பெயரைப் போட்டது, மூன்றை நான்காக மாற்றியது. "ஏழேகாலுக்கு, பதினாலாம் தளம் சார். பிள்ளைங்களுக்கு உயரமான நாற்காலி வைக்கச் சொல்லிடுறேன்." நீலச் சட்டைக்காரர் குரல் இறங்கி, கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். அவன் அடுத்தவரைக் கூப்பிட்டான். அவருக்கு அடுத்தவரையும் கூப்பிட்டான்.

நான்கு பேர் போன பிறகு ஒல்லி அவன் பக்கம் குனிந்தாள். "சார், மாமனார் டேபிளக் குடுத்துட்டீங்க. இன்னிக்கு மாமனார் நீங்கதானே?"

அவன் திரையைப் பார்த்தான். பதறும் என்று எதிர்பார்த்தான், பதறவில்லை. ஊசி போட்டு மரத்துப்போன ஈறை நாக்கால் தடவுவது போல, உள்ளே எங்கேயாவது ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்தான். ஒன்றும் தட்டுப்படவில்லை. மூன்று பேருக்கு வேறு இடம் இருக்கிறதா என்று எட்டு உணவகத்தையும் மறுபடி பார்த்தான், இல்லை. அறைக்குத் தொலைபேசி அடித்தான், யாரும் எடுக்கவில்லை. கிளம்பிவிட்டார்கள்.

"நீங்க போங்க சார், நான் பாத்துக்கிறேன். கீழ ரொட்டியும் சூப்பும் வாங்கி மூணு பேரும் எங்கயாவது உக்காந்து சாப்பிடுங்க," என்றாள் ஒல்லி.

"இவர மட்டும் அனுப்பிட்டு," என்றான். அவரை அனுப்பினான். அவருக்குப் பின்னால் இன்னொருவர் இருந்தார்.

ஏழே முக்காலாகியும் வரிசை குறையவில்லை. அவன் நிமிர்ந்து பார்ப்பதை நிறுத்தி வெகு நேரமாயிற்று. மேசை விளிம்பில் ஒரு பெண்ணின் கை வந்து நின்றது தெரிந்தது.

"மன்னிச்சுக்கோங்க மேடம், எட்டு மணி நிறைஞ்சிடுச்சு. எட்டே முக்காலுக்கு வேணா பாக்கட்டுமா?"

கை நகராததால் நிமிர்ந்தான். மனைவி நின்றிருந்தாள். புதுத் துணி உடுத்தி, மகளுக்குப் படிய வாரி இரட்டைப் பின்னல் போட்டிருந்தாள். பதினாலாம் தளத்தில் இடமில்லை என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். வந்தவள், நான் இவர் மனைவி என்று முண்டியடித்து முன்னால் வரவில்லை. அவன் வேலைக்குக் கெட்ட பெயர் வந்துவிடக் கூடாது என்று வரிசையின் கடைசியில் நின்று, முறை வந்த பிறகு வந்திருக்கிறாள்.

அவன் சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை. அதற்கு மேசை வேண்டாம், நாற்காலி வேண்டாம். நின்றபடியே, இத்தனை பேர் கேட்கவே சொல்லியிருக்கலாம். பாவி, வாயையும் திறந்தான்.

"எத்தனை பேருக்கு மேடம்?"

மகள் அம்மாவை அண்ணாந்து பார்த்தாள். "நாம மூணு பேருதானேம்மா?"

மனைவி அவன் முகத்தையே பார்த்தாள். கோபமாக இல்லை. தெரிந்தவர் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு, உள்ளே ஆள் நடமாட்டம் கேட்கிறதா என்று கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போமே, அப்படிப் பார்த்தாள். பின்னால் யாரோ செருமினார்கள்.

"ரெண்டு பேருக்கு," என்றாள்.

அவன் விரல் இரண்டைத் தட்டியது. மூன்று பேருக்குக் கப்பல் முழுக்கத் தேடியும் கிடைக்காத இடம் இரண்டு பேருக்கு உடனே கிடைத்தது. சின்ன மேசைகள்தான் எப்போதும் மிஞ்சும்.

"ஜன்னலோரமாவே இருக்கு," என்றான். சொல்லும்போதுதான் வலித்தது. வருஷக்கணக்காக வராத வலி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும் போல வலித்தது. அவன் உட்காரவில்லை.

"தேங்க்ஸ்," என்றாள் அவள். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, பின்னால் நின்றவருக்கு வழிவிட்டு நகர்ந்தாள்.