மின்னா ஓல்ரிக்கின் ஸ்டீம் பியர்

சான் பிரான்சிஸ்கோவில், மார்க்கெட் தெருவுக்குத் தெற்கே இரும்புப் பட்டறைகளுக்கு நடுவில் இருந்தது அந்தப் பியர் ஆலை. கணவன் இறந்த பிறகு மின்னா ஓல்ரிக்தான் அதை நடத்திவந்தாள். கொழுந்தன் ஆண்டன் கூடமாட நின்றான்.

அன்று வாசலில் வந்து நின்ற குதிரைவண்டியைப் பார்த்ததும் ஆண்டன் கைகளை அவசரமாகத் துடைத்துக்கொண்டான். நகரத்தின் பெரிய ஓட்டல் மேலாளர் பிரெஸ்காட் இறங்கினார்.

"சியரா மலையில பனி கொட்டி ரயில் நின்னுபோச்சு, மேடம். கிழக்கே மில்வாக்கி ஊர்லேருந்து எங்களுக்கு வர்ற பியர் அதுலதான் வருது. நாளைக்கு கப்பல் முதலாளி தோர்ன்டைக் சாரோட புதுக் கப்பலைக் கடல்ல இறக்குறாங்க. விருந்துக்குச் சொட்டு பியர் இல்ல."

"எங்கிட்ட இருக்கே."

"அதான் வந்தேன். ஆனா பீப்பாயில உங்க பேரு வேண்டாம். மில்வாக்கிப் பேரை நாங்களே ஒட்டிக்கிறோம். ஸ்டீம் பியர்னா ஆணி அடிக்கிறவன் குடிக்கிறதுன்னு பெரிய மனுஷங்க முகம் சுளிப்பாங்க."

"ஆணி அடிக்கிறவன் கட்டின கப்பல்ல ஏறுவாங்களாம், அவன் குடிக்கிறதைக் குடிக்க மாட்டாங்களாமா? என் பேரோட போகுதுன்னா தரேன். இல்லன்னா கிளம்புங்க."

வண்டி போய்விட்டது. ஆண்டன் பொருமினான். "அந்த ஓட்டல் வாசப்படிய நாம மிதிச்சதே இல்ல, அண்ணி. தேடி வந்தவனத் துரத்திட்டீங்க."

"பேரைக் கழட்டிவச்சுட்டு மிதிக்கிற படி எனக்கெதுக்கு?"

சொல்லிவிட்டாளே தவிர, வந்த வியாபாரத்தை விட்டது அவளை உறுத்தியது. மாடியேறி மரத்தொட்டிகளைப் பார்த்தாள். பாய் விரித்ததுபோல் அகலமான, ஆழமில்லாத தொட்டிகள். பனிக்கட்டி கிடைக்காத இந்த ஊரில், கடலிலிருந்து வரும் மூடுபனிக் காற்றுதான் பியரை ஆற்றிக் கொடுத்தது. ஜெர்மனியிலிருந்து இங்கே பியர் காய்ச்ச வந்தவர்கள் பனிக்கட்டிக்காக அழுதுகொண்டிருக்காமல், ஊருக்குத் தகுந்தபடி காய்ச்சக் கற்றுக்கொண்டார்கள். தொட்டியில் நுரை கட்டிகட்டியாகத் திரண்டிருந்தது. இதற்கா இன்னொருத்தன் பேரை ஒட்டுவது? அவள் மனம் உறுதிப்பட்டது.

மறுநாள் காலை பிரெஸ்காட் திரும்பி வந்தார். கழுத்துப்பட்டை கோணலாக இருந்தது.

"ஊரெல்லாம் அலஞ்சுட்டேன். உங்க பேரோடயே வரட்டும், மேடம்."

"நானும் வரேன். வண்டியில குலுங்கின பீப்பாயைக் கொஞ்ச நேரம் சும்மா விடணும். உடனே தொறந்தா நீராவி மாதிரி சீறும்; ஸ்டீம் பியர்னு பேரு வந்ததே அதனாலதான்."

அன்று மதியம் கப்பல் கட்டும் துறையில், புதுக் கப்பல் சறுக்கி நீரில் இறங்கியது. தொப்பிகள் பறந்தன. விருந்தினர் தாகத்தோடு மேசைப் பக்கம் திரும்பினார்கள். மின்னா "பொறு, பொறு!" என்று கத்துவதற்குள், ஓட்டல் பரிசாரகன் அவசரப்பட்டுப் பீப்பாயில் குழாயை அடித்து இறக்கிவிட்டான். நுரை பீறிட்டு, தோர்ன்டைக்கின் வெள்ளை அங்கியை மார்போடு நனைத்தது.

விருந்தினர் பதறிப் பின்வாங்கினார்கள். தூரத்தில் நின்ற தொழிலாளி ஒருவன் மட்டும் அடக்க முடியாமல் சிரித்துவிட்டான்.

தோர்ன்டைக் மீசையில் ஒட்டிய நுரையை நாக்கால் தொட்டுப் பார்த்தார். கோப்பையை நீட்டி வாங்கினார். செம்பு நிறம், மேலே பாலாடை போல நுரை. பாதிக் கோப்பை ஒரே மூச்சில் இறங்கியது.

"என்னம்மா இது, என் கப்பல் கொதிகலன் மாதிரி சீறுது! மில்வாக்கியா?"

பிரெஸ்காட் வாயைத் திறப்பதற்குள் மின்னா முன்னால் வந்தாள்.

"இல்லீங்க. இந்த ஊரு. இந்த ஊரு மூடுபனியில ஆறினது. நான் காய்ச்சினது. இதைக் குடிச்சுக்கிட்டுத்தான் உங்க ஆளுங்க இந்தக் கப்பலைக் கட்டினாங்க."

அவர் கப்பலைப் பார்த்தார், கோப்பையைப் பார்த்தார். "அப்போ அவங்களுக்கு முதல்ல ஊத்துங்க. எனக்கு இன்னொண்ணு."

தொழிலாளர்கள் ஆரவாரத்தோடு மேசையைச் சூழ்ந்தார்கள். ஆண்டன் ஒரு பெட்டிமேல் ஏறி நின்று, தொண்டை கிழியக் கத்தினான்: "ஓல்ரிக் ஸ்டீம் பியர்! எங்க அண்ணி கைப்பக்குவம்! வாங்க, வாங்க!"

மின்னா தனக்கும் ஒரு கோப்பை நிரப்பிக்கொண்டு, எண்ணெய்க் கறை படிந்த தோள்களுக்கு நடுவில் நின்று, தலை நிமிர்ந்து குடித்தாள்.