புஜத்தில் பல்தடம்

கைப்பிள்ளைக்காரிக்கு என்று பிறந்த வீட்டிலிருந்து வந்த கோழிகள் அவை. முத்தழகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புருஷன் வீட்டுக்குத் திரும்பிய அன்று, அவள் அம்மா பஞ்சாரத்தோடு வண்டியில் ஏற்றி, "தெனமும் முட்டை தின்னு ஆத்தா, அப்பத்தேன் பாலு ஊறும்" என்று சொல்லி அனுப்பினாள். கோழிகள் குறை வைக்கவில்லை, இட்டுக்கொண்டேதான் இருந்தன. முட்டைதான் முத்தழகு வாய்க்கு வந்து சேரவில்லை. அத்தனையும் வீரையாவின் தொண்டைக்குள் போயிற்று.

வீரையா அவள் புருஷன். காரைக்குடித் தேகப்பயிற்சிக் கூடத்தில் காலையும் மாலையும் குண்டு தூக்குகிறவன். அந்த வருஷம், எழுபத்து மூன்றில், கட்டழகன் போட்டி என்று சுவருக்குச் சுவர் நோட்டீஸ் ஒட்டினார்கள். அன்றிலிருந்து அவனுக்கு வேறு நினைப்பே இல்லை. பச்சை முட்டைகளை டம்ளரில் உடைத்து ஊற்றி மடக்கென்று விழுங்குவான். ஊறவைத்த கொண்டைக்கடலை ஒரு சட்டி, ஆட்டு ஈரல், கறந்த பால் முழுவதும் அவனுக்குத்தான். போதாததற்கு ஒரு புரோட்டீன் பவுடர் டப்பா வேறு. கானாடுகாத்தானில் அவன் கார் ஓட்டும் வீட்டு ஆச்சியின் மகன் பினாங்கிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. டப்பா மேல் ஒரு வெள்ளைக்காரன் நெஞ்சை விரித்துக்கொண்டு நிற்பான். வீரையாவின் தாய் காளியாயி அதைச் சாமி மாடத்தில் வைத்து, வெள்ளைக்காரன் நெற்றியில் விபூதியும் பூசிவிட்டாள்.

"அத்தே, ஒரே ஒரு முட்டை எடுத்துக்கிரட்டா? பிள்ளைக்குப் பாலு பத்தல."

"மொதல்ல ஆம்பள ஒடம்பு தேறட்டும்டி. நானெல்லாம் கஞ்சித்தண்ணியக் குடிச்சுத்தேன் இவனப் பெத்து வளத்தேன்."

"அதேன் இப்ப சேத்து வச்சுத் திங்கிறாரு போல."

"வாயப் பாரு! வாய்க்கு மட்டும் நல்லா தெம்பிருக்கு."

பிள்ளை மாரைச் சப்பிச் சப்பிப் பார்க்கும். ஒன்றும் வராது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, தொண்டை வறளக் கத்தும். நிற்க வேண்டிய மாதத்தில் கழுத்து நிற்கவில்லை. தொடைத் தோல் கிழவி தோல் போலச் சுருங்கிக் கிடந்தது. முத்தழகுக்கு இரவும் பகலும் அந்தத் தொடைதான் கண்ணில் நின்றது.

வெள்ளைக்காரனுக்கு அவ்வளவு சதை வைக்கிற மாவு நமக்குக் கொஞ்சம் பால் வைக்காதா என்று தோன்றியது அவளுக்கு. மாமியார் கொல்லைப் பக்கம் போகிற நேரமாகப் பார்த்து, டப்பாவைத் திறந்து அள்ளி வெந்நீரில் கரைத்துக் குடித்தாள். அள்ளின குழி தெரியாமலிருக்கப் பொரிகடலை மாவை அரைத்துக் கலந்து வைத்தாள். நாளாக நாளாக டப்பாவில் பவுடர் கொஞ்சம், பொரிகடலை மிச்சம் என்றாகிவிட்டது.

போட்டி அன்று மத்தியானம் வீரையா அதைக் கரைத்து ஒரு வாய் வைத்தான். துப்பினான்.

"அழகு! இங்குட்டு வாடி."

வந்தாள்.

"மாவுருண்ட வாசம் அடிக்கிது. என்னடி கலந்த?"

"பொரிகடல. நீங்க பூராத்தையும் திங்கிறீக மச்சான். பிள்ள காயிது..."

அறை காதோடு சேர்ந்து விழுந்தது. அடுத்ததில் உதடு கிழிந்தது. கூந்தலைச் சுருட்டிப் பிடித்துச் சுவரில் மோதினான். சுண்ணாம்புச் சுவரில் ரத்தம் அப்பியது.

"எங்கோழி முட்டையத் தின்னு வளத்த கையி, என்னையவே அடிக்கிதா!"

சொல்லி முடிக்கவில்லை, வயிற்றில் மிதித்தான். சுருண்டு விழுந்தவளைத் தூக்கி நிறுத்த அவன் குனிந்தபோது, எண்ணெய் மினுங்கும் புஜம் அவள் முகத்துக்கு நேராக வந்தது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பல்லை இறக்கினாள். அவன் முதுகில் குத்தினான். காளியாயி ஓடி வந்து, "விடுடி நாயே, இன்னைக்கிப் போட்டிடி!" என்று மயிரைப் பிடித்து இழுத்தாள். கறியைக் கண்டு நாளாகியிருந்த அந்த வாய் விடுவதாக இல்லை. விட்டபோது பல் பல்லாகக் குழி விழுந்து ரத்தம் கசிந்தது.

"வந்து வச்சுக்கிறேன்" என்று, துணியால் துடைத்துக்கொண்டு கிளம்பினான். மகன் ஜெயிக்க வேண்டுமென்று காளியாயி கோவிலூர்க் கோயிலுக்கு விளக்குப் போடப் போனாள்.

பொழுது சாயும் நேரம். பிள்ளையைக் குளிப்பாட்ட அடுப்பில் வெந்நீர் தளதளத்தது. இத்தனை நாளாகக் கரைத்துக் குடித்த மாவுதான் வேலை செய்ததோ என்னவோ, முத்தழகுக்கு மார் கனத்தது. அடுப்புப் பக்கத்திலேயே உட்கார்ந்து பிள்ளையை இடது பக்கம் போட்டாள். கடக், கடக் என்று விழுங்கும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனை நாளாயிற்று!

அப்போதுதான் வீரையாவோடு குண்டு தூக்கும் ஏகப்பன் சைக்கிளை வாசலில் போட்டுவிட்டு மூச்சிரைக்க வந்தான்.

"தங்கச்சி, பிள்ளையத் தூக்கிக்கிட்டு ஓடிரு. கொலவெறியில வாரான்."

"என்னண்ணே ஆச்சு?"

"கையத் தூக்கிப் புஜத்தக் காட்டுனான். லைட்டுல பல்லு பல்லாத் தெரியிது. 'நாய் கடிச்சிருச்சாப்பா'ன்னு ஒருத்தன் கேக்குறான். இன்னொருத்தன், 'நாய்க்கு இம்புட்டு வரிசப் பல்லு ஏது, பொண்டாட்டி கடிச்சது'ங்கிறான். கூட்டமே கெக்கலி கொட்டுது. மேடையவிட்டு எறங்கி, இரும்புக் கம்பிய எடுத்துக்கிட்டுக் கெளம்பிட்டான். எந்திரி ஆத்தா!"

முத்தழகு பிள்ளையைப் பார்த்தாள். "இப்பத்தேண்ணே குடிக்கிது. பாதியில பிடுங்க மாட்டேன்."

வாசலில் அடுத்த சைக்கிள் விழுந்தது. மறித்த ஏகப்பனின் தோளில் கம்பி இறங்கியது. அவன் சரிந்தான். வீரையா வெற்றுடம்போடு, எண்ணெய் வழிய, அடுப்படிக்குள் நுழைந்து கம்பியை ஓங்கினான்.

முத்தழகு எழுந்திருக்கவில்லை. வலது கையால் செம்பை அண்டாவுக்குள் விட்டு மொண்டு வீசினாள். கொதிநீர் அவன் நெஞ்சிலும் தோளிலும் படர்ந்தது. ஆடு அறுபடுகிற மாதிரி ஒரு சத்தம். கம்பி உருண்டது. இன்னொரு செம்பு மொண்டாள். அது தொடையில் விழுந்தது. ஊட்டி ஊட்டி வளர்த்த சதையெல்லாம் சிவந்து, கொப்புளித்து, தரையில் கிடந்து துடித்தது.

விளக்குப் போட்டுவிட்டு வந்த காளியாயி மாரில் அடித்துக்கொண்டாள். ஏகப்பன் தோளைப் பிடித்தபடியே வண்டி பிடிக்க ஓடினான். தீப்புண்ணுக்கு வெள்ளைக்கரு தடவுவார்களே, அந்த நினைப்பில் காளியாயி கலயத்திலிருந்த முட்டைகளை மடியில் அள்ளிக்கொண்டு மகனிடம் ஓடினாள்.

"அத்தே."

காளியாயி திரும்பினாள். மருமகள் கையில் செம்பு. அதில் ஆவி பறந்தது.

"வெள்ளக்கருவ அவருக்கு ஊத்துங்க. மஞ்சக்கருவ இந்தக் கிண்ணத்துல போடுங்க. ஒண்ணு கீழ விழுந்தாலும் இது ஒங்க மேல."

"பாவி மகளே, புருஷன் கெடந்து வேகுறான்..."

"பிள்ளையுந்தேன் கெடந்து காஞ்சுச்சு. ஒடைங்க."

காளியாயி மகன் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒன்றொன்றாக உடைத்தாள். வெள்ளை மகன் நெஞ்சில் வழிந்தது. மஞ்சள் கிண்ணத்தில் விழுந்தது. முத்தழகு கிண்ணத்தை எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள். கிழிந்த உதடு எரிந்தது. துடைத்துக்கொண்டு, பிள்ளையை வலது பக்கம் மாற்றிப் போட்டாள்.